சுவரைப் பார்த்த நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அருள்ஜோசப் மனைவியிடம் கேட்டது, கொள்ளுத் துவையலில் உப்பு போட்டாயா இல்லையா என்றுதான்.

தேவமணி வாசலில் நின்று, புடவைக்கு மேல் போட்ட ஸ்வெட்டருக்குப் பித்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். தை மாதப் பனியில் எதிர்வீட்டு மாடி கூடத் தெரியவில்லை. ரோஜாக் கம்பெனி வேன் ஆறே முக்காலுக்கு மாட்டுப்பண்ணைத் திருப்பத்தில் வந்து நிற்கும். ஒரு நிமிடம் பிந்தினாலும் போய்விடும்.

"போட்டிருக்கேன்."

"போட்ட மாதிரி தெரியலியே. மண்ணைத் திங்கற மாதிரி இருக்குது."

"களியோட சேத்துத் தின்னா தெரியும். வெறும் துவையலை நக்கிட்டு நின்னா என்னா தெரியும்?"

பாதி உப்புதான் போட்டிருந்தாள். டாக்டர் சொல்லி பதினைந்து நாளாக அப்படித்தான் போடுகிறாள். அவருக்கும் அது தெரியும். குரங்குக் குல்லாயும் லுங்கியுமாக, விரலைக் கிண்ணத்தில் விட்டபடியே சிரித்தார்.

"ஜெயிச்சா போன் பண்றேன்."

"போனை உள்ள விடமாட்டாங்க. தெரியாத மாதிரி."

"அப்போ தோத்தா பண்றேன்."

"ஒண்ணும் பண்ண வேணாம். மாத்திரையைப் போட்டுக்கிட்டு, கத்தாம ஒரு பக்கமா உக்காந்து பாத்துட்டு வாங்க. வந்து சொன்னா போதும்."

"தோத்தா எதுக்குச் சொல்லணும்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே."

திருப்பத்தில் வேன் ஹாரன் அடித்தது. தேவமணி டிபன் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்த்தாளா என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

அன்றைக்குக் குடியரசு தினம். நாடெல்லாம் விடுமுறை, ரோஜாக் கம்பெனிக்குக் கிடையாது. பிப்ரவரி பதினான்குக்கு வெளிநாடு போகிற பூவெல்லாம் ஜனவரி கடைசியில்தான் ஓசூரை விட்டுக் கிளம்பும். அதே குடியரசு தினத்தில்தான் வருடா வருடம் மத்திகிரி மைதானத்தில் எழுவர் கால்பந்தின் இறுதி ஆட்டமும் நடக்கும். அதனால் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் தேவமணி இறுதி ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் பெரும்பாலும் வேறு இரண்டு ஊர்களைத்தான் பார்த்திருப்பாள். மார்னிங் ஸ்டார் இறுதிக்கு வருவது அபூர்வம்.

மார்னிங் ஸ்டார் என்பது மத்திகிரிப் பையன்களின் கால்பந்துக் கழகம். ஊரில் ஸ்டாரு என்பார்கள். கோயில் தெருப் பையன்களும் கம்பெனி ஷிப்டுப் பையன்களும் சேர்ந்து ஆடுவது. 1995 ஜனவரியில் அவர்கள் கோப்பையை வாங்கினார்கள். அந்த வருடம் ஜூனில்தான் அருள்ஜோசப் ராயக்கோட்டையிலிருந்து, அப்பாவின் தக்காளிக் கமிஷன் வியாபாரம் பிடிக்காமல், ஓசூருக்கு வேலைக்கு வந்தார். சிப்காட்டில் வண்டி உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் மெஷின். ஒரு அறையில் ஏழு பேர். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. திருநெல்வேலிக்காரன் ஒரு மாதிரி இழுப்பான், ஆந்திராப் பக்கத்துக்காரன் வேறு மாதிரி. முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் நடந்தவர், சத்தம் கேட்டு மைதானத்துக்குள் நுழைந்தார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் வேறெங்கும் போகவில்லை.

அப்போது கோப்பை மணிவேலின் சைக்கிள் கடை அலமாரியில் கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே நின்றிருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை. அடுத்த வருடமும் இங்கேதான் நிற்கப்போகிறது, என்ன அவசரம் என்று இருந்தார்கள். அடுத்த ஜனவரியில் அது கோலார் தங்கவயலுக்குப் போனது. பிறகு ஆனேக்கல், தருமபுரி, மறுபடி தங்கவயல். மத்திகிரிக்குத் திரும்பவே இல்லை.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டி. ஜோசப்பு ஏறினான், பஞ்சராயிடுச்சு" என்பான் மணிவேல். கழகத்துக்கு அவன்தான் செயலாளர். சைக்கிள் கடை டூ வீலர் கடை ஆனபிறகும் அதே நகைச்சுவையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அருள்ஜோசப்பும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து, "விளையாட்டுக்குச் சொல்றானா, நெசமாவே சொல்றானா?" என்று தேவமணியிடம் கேட்பார்.

ஒரு வருடம், கோப்பை திரும்பி வர அந்தோணியாருக்குப் பதிமூன்று செவ்வாய் வேண்டிக்கொண்டார். பங்குச் சாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஜோசப்பு, அந்தோணியார் காணாமப் போனதைத்தான் கண்டுபிடிச்சுத் தருவாரு. இல்லாததைத் தரமாட்டாரு" என்றாராம்.

"காணாமப் போனதுதானே சாமி. அலமாரியில நான் கண்ணால பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தார் இவர்.

பெனால்டி விஷயம் 2004-ல் ஆரம்பித்தது. அரையிறுதி ஆட்டம் டை-பிரேக்கருக்குப் போனது. அருள்ஜோசப்புக்குப் பார்க்க முடியவில்லை. காம்பவுண்டுச் சுவர் பக்கம் திரும்பி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டாரு ஜெயித்தது. இறுதியில் தோற்றார்கள், அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. டை-பிரேக்கர் என்று ரெப்ரி விசில் ஊதியதும், "ஜோசப் அண்ணன் சேரைத் திருப்புங்கடா" என்று ஒரு குரல் வரும். கிழக்கு மூலையில் சுவரைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். அவர் போய் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். முடியும்வரை அவரை யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, கிட்டப் போகக்கூடாது. ஒருமுறை எவனோ நடுவில் போய் தீப்பெட்டி கேட்டானாம், அடுத்த அடியே வெளியே போயிற்றாம். அவனை இரண்டு வருடம் மைதானத்தில் சேர்க்கவில்லை.

ஜெயித்தால் பையன்கள் ஓடிவந்து நாற்காலியோடு அவரைத் தூக்கித் திருப்புவார்கள். தோற்றால் யாரும் வரமாட்டார்கள். அவராகப் புரிந்துகொண்டு, அவராக எழுந்து, சந்து வழியாக வீட்டுக்கு வந்துவிடுவார்.

2025 ஜனவரி ஒன்பதாம் தேதி இரண்டாம் ஷிப்டில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஓசூர்க் குளிரில், கூலன்ட் தண்ணீரில் கை விறைக்கிற நேரத்தில், சட்டை நனைந்துவிட்டது. வாயு என்று சொல்லி சோடா குடித்தார். மறுநாளும் அப்படியே ஆனது. இ.எஸ்.ஐ. டாக்டர் இ.சி.ஜி. தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓர் இருதய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். ஆஞ்சியோ எடுக்க வேண்டும். கிடைத்த தேதி இருபத்து நான்கு, வெள்ளிக்கிழமை.

அந்த வருடம் பார்த்து ஸ்டாரு அரையிறுதிக்கு வந்தது. சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிறு இறுதி.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் பேச்சு நடந்தது. மகள் டெல்சி பெங்களூருப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"உள்ள போனா ரெண்டு நாள் படுக்க வச்சிருவாங்க பாப்பா. செவ்வாய்க்கெழம போவோம். நாலு நாள்ல என்னா ஆயிரும்?"

"டாக்டர் என்னா சொன்னாரு? சீக்கிரம் போன்னு சொன்னாரா, பந்து வெளையாட்டு முடிச்சிட்டுப் போன்னு சொன்னாரா?"

"நானா வெளையாடறேன்? சேர்ல உக்காந்து பாக்கறேன். வேலைக்குக் கூட மெடிக்கல் லீவு போட்டாச்சு. ஆஸ்பத்திரியிலயும் படுத்துட்டுத்தான் இருக்கணும், இங்கயும் உக்காந்துட்டுத்தான் இருக்கப்போறேன்."

"முப்பது வருசமா ஜெயிக்காதவங்க இந்த ஞாயித்துக்கெழம ஜெயிச்சுருவாங்களா?"

"அதான் பாப்பா பயமா இருக்குது" என்றார் அருள்ஜோசப். "நான் இல்லாத அன்னிக்கு ஜெயிச்சுட்டாங்கன்னா?"

டெல்சி அம்மாவைப் பார்த்தாள். தேவமணி அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "நீ ஏதாச்சும் சொல்லும்மா" என்றுவிட்டு டெல்சி குளிக்கப் போனாள்.

தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அவர் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, தேவமணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவரும் இரண்டு காயை எடுத்து உரித்தார்.

"தேவு, எனக்குக் கன்னடம் வந்தா நானே போன் பண்ணிருவேன்."

எல்லையில் முப்பது வருடம் இருந்தும் டிக்கெட், டீ தவிர அவருக்குக் கன்னடத்தில் எதுவும் வராது. தேவமணிக்குக் கம்பெனியில் சூப்பர்வைசரோடு பேசிப் பேசி வந்துவிட்டது.

"டெல்சி திட்டுவா."

"நான் பாத்துக்கறேன். செவ்வாய்க்கெழம நீ சொல்ற இடத்துல படுக்கறேன். உப்பே வேணாம். மாதா சத்தியம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். செவ்வாய் காலையில் இடம் இருக்கிறது, மாற்றலாம் என்றாள். வைப்பதற்கு முன், "எமர்ஜென்சி ஏனாதரூ இதியா மேடம்?" என்று, அவசரம் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

தேவமணி அவரைப் பார்த்தாள். அவர் உரித்த கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இல்லா. ஏனூ இல்லா" என்றாள் தேவமணி.

சனிக்கிழமை ஸ்டாரு இரண்டுக்கு ஒன்றில் ஜெயித்தது. அருள்ஜோசப் வீட்டுக்கு வந்து, மாத்திரையைக் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டு, எட்டரைக்கே படுத்துத் தூங்கினார்.

ரோஜாக் கம்பெனியின் பேக்கிங் ஹாலில் ஜன்னல் கிடையாது. பாலி ஹவுசிலிருந்து பக்கெட் பக்கெட்டாகப் பூ வரும், வெயிலையோ மழையையோ உள்ளே விடமாட்டார்கள். மேஜை மேல் கோடு போட்டிருக்கும். தண்டை அதில் வைத்து நீளம் பார்த்து, கீழ் இலையை உருவி, இருபது பூவாகச் சேர்த்து, அட்டையில் சுற்றி ரப்பர் மாட்டி, கூலருக்கு அனுப்ப வேண்டும். சிவப்பு மட்டும்தான். காலையிலிருந்து சிவப்பைப் பார்த்த கண்ணுக்கு மத்தியானம் சோறு பச்சையாகத் தெரியும் என்பாள் முனிலட்சுமி. அவள் தேவமணியின் எதிர் மேஜை, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள்.

"அண்ணன் கோப்பை இன்னிக்காச்சும் வருதாக்கா?"

"வந்தா எங்க வைக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்காரு. மணிவேலு கடையில வைக்க விடமாட்டாராம். பீரோ மேல எடம் பாத்து வச்சிருக்காரு."

"ஏமிக்கா, கோப்பை உங்க வீட்டுக்கா வரும்? அவரு ஆடவே இல்லியே."

"அதை அவருகிட்டச் சொல்லிப் பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் திம்மப்பன் தூரத்திலிருந்து, "பேகா பேகா, வாய் அப்புறம், கை மொதல்ல. ட்ரக்கு ஆறு மணிக்கு" என்றார்.

மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கும் என்று தேவமணிக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டாள். ஐந்து மணிக்கு, முடிந்திருக்கும் என்று நினைத்தாள். ஐந்தே முக்காலுக்குத் திம்மப்பன் அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"தேவமணி அம்மா, கையக் கழுவிட்டு வாங்க."

"இன்னும் நாலு பன்ச் இருக்குது சார்."

"பரவால்ல. முனிலட்சுமி பாத்துக்குவா."

சூப்பர்வைசராக வந்த ஒன்பது வருடத்தில் அவர் யாரையும் பாதி கட்டிய பூவை விட்டுவிட்டு வரச் சொன்னதில்லை. இவ்வளவு தூரம் ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் என்னவாக இருக்கும்? தேவமணியின் மனதில் முதலில் வந்தது அதுதான்.

"ஜெயிச்சுட்டாங்களா சார்?" என்று கேட்டாள்.

திம்மப்பனுக்கு அவள் கேட்டது புரியவில்லை. கையுறையைக் கழற்றச் சொன்னார். அவளுக்கு விரலிலிருந்து அது வரவில்லை. முனிலட்சுமி சுற்றி வந்து, குழந்தைக்குக் கழற்றுகிற மாதிரி ஒவ்வொரு விரலாக இழுத்து எடுத்தாள்.

வாசலில் வாங்கிப் பெட்டியில் போட்டிருந்த போனில் பதினாறு தவறிய அழைப்புகள் இருந்தன. முதலாவது ஐந்து இருபத்தேழுக்கு.

ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சள் ஜெர்சி போட்ட பையன்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோல் கீப்பர் மெல்வின் மட்டும் எழவில்லை. முழங்காலில் சுண்ணாம்பும் மண்ணுமாக, முகத்தைக் கையில் புதைத்திருந்தான். கோயில் தெருப் பையன், பிறந்ததிலிருந்து அவளைப் பெரியம்மா என்கிறவன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கொண்டு வரும்போதே இல்லை என்றாள்.

"எப்போம்மா போயிருக்கும்?" என்று கேட்டாள் தேவமணி.

"கரெக்டா சொல்ல முடியாதும்மா. ஒரு மணி நேரத்துக்குள்ள இருக்கலாம்."

அவரை உள்ளே துணி போட்டு மூடியிருந்தார்கள். குரங்குக் குல்லாய் சட்டைப் பையில் திணித்திருந்தது. முகத்தைப் பார்த்தாள். மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனவர். அதில் ஒன்றும் தெரியவில்லை.

மணிவேல் வெளியே வேப்பமரத்தடியில் வைத்துத்தான் சொன்னான். அவள் கேட்கக் கேட்கச் சொன்னான்.

தங்கவயலோடு ஒன்றுக்கு ஒன்று சமம். டை-பிரேக்கர். நாற்காலியைத் திருப்பினார்கள். அருள்ஜோசப் நடந்து போய் உட்கார்ந்தார். "மாப்ளே, இன்னிக்கு என்னவோ கை சில்லுங்குது" என்று மணிவேலிடம் சொன்னார். பனிக்காலம், எல்லாருக்கும் கை சில்லென்றுதான் இருந்தது. துண்டைப் போட்டுக்கொண்டார். தங்கவயல் அடித்தது, ஸ்டாரு அடித்தது. மறுபடி அப்படியே. மூன்றாவதை மெல்வின் பிடித்துவிட்டான், ஸ்டாரு அடித்துவிட்டது. மூன்றுக்கு இரண்டு, ஸ்டாரு முன்னால். முப்பது வருடத்தில் அவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை. ஸ்டாருவின் நான்காவது அடி கம்பத்துக்கு மேலே போனது. ஐந்தாவது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தங்கவயல் நான்கு, ஸ்டாரு மூன்று. எல்லாம் முடியும்போது ஐந்து மணி ஐந்து நிமிடம்.

"அஞ்சு இருவத்தேழுக்குத்தான எனக்குப் போன் வந்திருக்குது."

மணிவேல் வாசலில் நின்ற பையன்கள் பக்கம் பார்த்தான்.

"இருவது நிமிசம் என்னா பண்ணீங்க? அவரை யாரும் பாக்கலியா?"

"பாத்தோம் அண்ணி. எல்லாருந்தான் பாத்தோம். கிட்டப் போகல." அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டான். "தோத்த அன்னிக்கு அவரு மூஞ்சியப் பாக்கற தைரியம் எங்க யாருக்கும் கெடையாது. அழுதுட்டு இருக்காருன்னு நெனச்சோம். அழட்டும், விடுங்கடான்னு நாந்தான் சொன்னேன். பையனுங்களைக் கூட அந்தப் பக்கம் போகாதீங்கன்னு நாந்தான் தடுத்தேன். பரிசு குடுத்தாங்க, தங்கவயல்காரனுங்க வேட்டு வச்சானுங்க. அதுக்குங்கூட அவரு அசையல. வண்டியில சேரையெல்லாம் ஏத்தினோம். அந்த ஒரு சேர் மட்டும் பாக்கி. அப்பத்தான் போனேன்."

 

செவ்வாய்க்கிழமை காலை, ஆஞ்சியோவுக்குக் குறித்த நேரத்தில், அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். மஞ்சள் ஜெர்சிப் பையன்கள்தான் தூக்கினார்கள். தங்கவயலிலிருந்து எதிரணிப் பையன்களும் ஒரு டெம்போவில் வந்திருந்தார்கள்.

அதன்பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம் தேவமணி ஒரே ஒரு விஷயத்தைத்தான் விசாரித்தாள். தோற்றது தெரிந்து போனாரா, தெரியாமல் போனாரா? வேறெதையும் மாற்ற முடியாது. போன் செய்ததை மாற்ற முடியாது, அந்தப் பெண் கேட்டதற்குச் சொன்ன பதிலை மாற்ற முடியாது. இது ஒன்றாவது தெரிந்தால் இரவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். டீக்கடைக்காரர், முதல் அடிக்கு முன்னாலேயே போயிருப்பார், தலை அப்போதே சாய்ந்துதான் இருந்தது என்றார். பக்கத்து வீட்டு நாகம்மாவின் புருஷன், இல்லை, கடைசி அடி வெளியே போனபோது தோள் குலுங்கியதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, நாகம்மா முறைத்ததும், சரியாக ஞாபகமில்லை என்றார். பங்குச் சாமியார், அதெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும் என்றார்.

"அவருக்குத் தெரிஞ்சா போதுமா சாமி?" என்று கேட்டுவிட்டாள். சாமியார் காபியைக் குடித்து முடித்தார்.

பத்தாம் நாள் டெல்சி அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். கம்பெனிக்குச் சொல்ல ஏதோ நம்பர் தேடியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்கு நீதான் போன் பண்ணியா? அப்பா அவரே பேசி மாத்திட்டதா சொன்னாரு."

"ம்."

"புதங்கெழம? நான் குளிச்சிட்டிருந்தப்பவா?"

"ம்."

"கன்னடத்துல பேசினியா?"

தேவமணி தலையாட்டினாள். டெல்சி போனை மேடைமேல் வைத்தாள். தொட்டியில் கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். கழுவியதையே மறுபடி எடுத்துக் கழுவினாள். அன்றைக்கு முழுவதும் அவள் பேசவில்லை. இரவு படுக்கும்போது மட்டும், "மாத்திரை போட்டியா?" என்றாள். தேவமணிக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை உண்டு. போட்டேன் என்றாள்.

மெல்வின் அதுவரை வீட்டுக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், ஷிப்டு முடிந்து யூனிபார்மோடு வந்தான். தேவமணி களியும் அவரைக்கொட்டைச் சாறும் போட்டுக் கொடுத்தாள். அவன் தின்னாமல் உருட்டிக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, நீங்க எல்லார்கிட்டயும் கேக்கறீங்களாமே."

"ஆமா."

"நான் பாத்தேன்."

தேவமணி கரண்டியை வைத்தாள்.

"மூணாவது அடியைப் புடிச்சேன் இல்ல? புடிச்சிட்டு எழுந்து நேரா பெரியப்பாவைத்தான் பாத்தேன். அவரு திரும்பல. ஆனா கையத் தூக்கினாரு. இந்த மாதிரி." முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். "சத்தத்தை வச்சே கண்டுபுடிச்சிருப்பாரு. அடுத்தடியை நம்மாளு போட்டதும் மறுபடி பாத்தேன். கை எறங்கிடுச்சு. தலை சாஞ்சிடுச்சு. அப்போவே போயிட்டாரு பெரியம்மா. நாம ஜெயிச்சிட்டிருந்தப்போ போனாரு."

"நெசமாவா?"

"நான் கோல்ல இருந்து நேராப் பாத்தேன். வேற யாரும் பாத்திருக்க மாட்டாங்க, அவங்கெல்லாம் பந்தைப் பாத்துட்டு இருந்தாங்க."

அவன் அதற்குப் பிறகு களியை வேகமாகத் தின்றான். இன்னொரு உருண்டையும் கேட்டான். அன்று இரவு தேவமணி தூங்கினாள். நடுவில் விழித்தபோதுகூட, மடக்கிய முஷ்டியொன்று இருட்டில் துண்டுக்கு மேலே எழுவதைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினாள். டெல்சியிடம் சொன்னாள். டெல்சி கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முனிலட்சுமியிடமும் சொன்னாள். இருபது இருபதாகப் பூவைக் கட்டும்போது, மூன்றுக்கு இரண்டு, மூன்றுக்கு இரண்டு என்று உதடு தானாக முணுமுணுத்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, டெல்சியோடு மைதானத்துக்குப் போனாள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். சாயங்கால வெயில் இருந்தது. பையன்கள் கோனுக்குப் பதிலாக வைத்த செங்கல்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். மணிவேல் கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போய், சுவரிலிருந்து நாலடி தள்ளித் தரையைக் காட்டினான். புல்லும் கடலைத் தோலும் கிடந்தன. டெல்சி மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். காற்றில் அணைந்தது. மறுபடி கொளுத்தினாள்.

"எந்தக் கோல்ல அடிச்சாங்க?" என்று கேட்டாள் தேவமணி.

"அதோ, அந்தாண்ட இருக்குதே, ரோட்டுப் பக்கம், அது."

அவள் செருப்பைக் கழற்றாமல் மைதானத்துக்குள் இறங்கி நடந்தாள். பையன்கள் பந்தை நிறுத்திக்கொண்டு வழி விட்டார்கள். கம்பங்களுக்கு நடுவே போய், அழிந்துபோன சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று திரும்பினாள். கிழக்கு மூலையைப் பார்த்தாள்.

சுவர் தெரிந்தது. மூலை தெரியவில்லை. நடுவில் ஒரு சிமென்ட் தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இன்னொரு முழம். டெல்சி அங்கேதான் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும், அவள் புடவை நுனிகூடத் தெரியவில்லை. தேவமணி இடது கம்பம் வரைக்கும் நகர்ந்து பார்த்தாள். வலது கம்பம் வரைக்கும் வந்து பார்த்தாள். விழுந்து பிடித்தவன் எழுந்திருக்கிற மாதிரி, புடவையைக் கூட்டிக்கொண்டு குனிந்து நிமிர்ந்தும் பார்த்தாள்.

மைதானத்தின் நடுக்கோட்டருகே மெல்வின் ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் நிற்கிற இடத்தைப் பார்த்ததும் கட்டுவதை விட்டுவிட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

மணிவேல் பின்னாலேயே வந்துவிட்டான். "என்னா பாக்கறீங்க அண்ணி?"

"சும்மா" என்றாள். சற்றுக் கழித்து, "இந்தத் தொட்டி புதுசா?" என்று கேட்டாள்.

"இதுவா? இல்லியே, இது ரொம்ப நாளா இருக்குது. பையனுங்க தண்ணி குடிக்கறதுக்குன்னு கட்டினது."

திரும்பும்போது அதைச் சுற்றிக்கொண்டு போனாள். குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியின் நெற்றியில் கட்டிய வருடத்தை நீலப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். 2016.